விழாத வளைவு

டிக்னாவுக்கு நாற்பத்தொரு வயதாகும்வரை அவள் பெயர் எந்தத் தாளிலும் அச்சானதில்லை. செம்புத் தகட்டில் படம் செதுக்குவதில் ஹார்மூண்ட் நகரத்தில் அவளை மிஞ்சிய கை கிடையாது. அது மூன்று தெருவுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? படத்துக்குக் கீழே பதிப்பாளர் கொர்னேலிஸின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கும். மாதிரி வரைந்து கொடுத்த ஓவியரின் பெயர் ஒரு மூலையில் நிற்கும். எந்தப் பிரபுவின் காலடியில் யார் இதைச் சமர்ப்பிக்கிறார் என்று நான்கு வரி லத்தீன் நிற்கும். மணல் அடைத்த தோல் தலையணைமேல் தகட்டை வைத்து, மாதக்கணக்கில் குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தவளுக்கு மட்டும் அந்தத் தாளில் ஓர் அங்குல இடம் கிடையாது.

அவள் அப்பா வெள்ளிக் கரண்டிகளில் மணமக்கள் பெயர் வெட்டிப் பிழைத்தவர். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் உளி அவள் கைக்கு வந்தது. பத்தொன்பது வயதில் தச்சன் லாம்பெர்ட்டைக் கட்டிக்கொண்டாள். பெரிய கையும் பெரிய சிரிப்பும் உள்ள ஆள். பிள்ளைகள் இரண்டு பிறந்தன, ஒரே கொள்ளைநோய் வருடத்தில் இரண்டும் போயின. அதற்குப் பிறகு அந்த வீட்டில் லாம்பெர்ட், டிக்னா, லாம்பெர்ட்டின் தங்கை நெலே என்று மூன்று பேர்தான். நெலே மீன்சந்தையில் ஹெர்ரிங் மீன் விற்பவள். அவள் கூவினால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

ஸ்பெயின் அரசர் புதிதாக ஓர் ஆளுநரை அனுப்புகிறார் என்று தெரிந்ததும் நகரசபைக்குச் சாமி வந்துவிட்டது. எட்டு அலங்கார வளைவுகள், ஒயின் கொட்டும் நீரூற்று, வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் திமிங்கில வண்டி, வெள்ளையுடுத்திப் பூத்தூவ நாற்பது கன்னிப்பெண்கள். அந்த நாற்பது பேரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு என்று சந்தையில் சிரித்தார்கள். ஆனால் வரவேற்பைவிட முக்கியம் வரவேற்பைப் பற்றிய புத்தகம். ஆளுநர் ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் அதை அச்சடித்துத் தோல் அட்டை போட்டு அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு பிரதி அரசருக்கு. அவர் ஊரில் தங்குவதோ எட்டே நாள்; அதற்குள் எட்டுத் தகடு செதுக்க மனிதனால் ஆகாது.

அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். ஊர்வலம் நடப்பதற்கு முன்பே ஊர்வலத்தைச் செதுக்கினார்கள். தச்சர்கள் மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போதே படத்தில் வளைவு வானத்தை முட்டும். ஆளுநர் இன்னும் ஏதோ மலைப்பாதையில் கோவேறு கழுதைமேல் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்; படத்தில் வெள்ளைக் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து வளைவுக்குள் நுழைவார். வெயில் அடிக்கும். படத்தில் எப்போதும் வெயில்தான். மழை என்றால் வானம் முழுக்கக் கோடு இழுக்க வேண்டும், வெயில் என்றால் செம்பைச் சும்மா விட்டுவிடலாம்.

எட்டு வளைவுகளில் பெரியது மீன்சந்தை மூலையில் எழும்பிய நகரசபையின் வளைவு. அதைத் தகட்டில் எழுப்பியவள் டிக்னா, மரத்தில் எழுப்பியவன் லாம்பெர்ட். தகடு முடிகிற தறுவாயில் அவள் கொர்னேலிஸிடம் போய் நின்றாள்.

"முதலாளி, இந்தத் தகட்டுல என் பேரு வரணும்."

"எதுக்கு? பேரு போட்டா கோடு இன்னும் நல்லா விழுமா?"

"பேரு இல்லாட்டி கடைசிக் கோடு விழாது."

கொர்னேலிஸ் சிரித்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை. தன் தலைக்கு ஆபத்து வராதவரை எல்லோருக்கும் நல்லவர். "சரி, வலது மூலையில போட்டுக்கோ. ஆனா வெறும் பேரு போட்டா மொட்டையா இருக்கும். 'நேரில் கண்டு செதுக்கியவள் டிக்னா'ன்னு போடு. அரண்மனைல அதத்தான் விரும்புவாங்க."

"இன்னும் நடக்கவே இல்லியே முதலாளி."

"நடக்கத்தானே போகுது? நீ பாக்கத்தானே போற? கொஞ்சம் முன்னாடி சொல்லிடறோம், அவ்வளவுதான். நாப்பது வருஷமா இந்த ஊர்ல எவன் நேர்ல பாத்துச் செதுக்கினான், சொல்லு பாப்போம்."

யோசிக்க ஒன்றுமில்லை. எல்லாத் தகட்டிலும் யாரோ ஒருவர் நேரில் கண்டுதான் இருந்தார். டிக்னா அந்த எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு வெட்டினாள். தன் பெயரை வெட்டும்போது உளி கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

அன்று சாயங்காலம் ஈரம் காயாத சோதனை அச்சு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். லாம்பெர்ட் பட்டாணி சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

"யோவ், எண்ணெய்க் கையோட தொடாத."

"என் வளைவு. நான் தொடக் கூடாதா?"

"இது என் வளைவு. உன்னுது சந்தையில நிக்குது, போய் அதைத் தடவு."

நெலே நடுவில் தலையை நீட்டினாள். "அண்ணி, ஆளுநருக்கு எதுக்கு இவ்வளவு அழகான மூக்கு? ஆள நீ பாத்தியா?"

"யாரு பாத்தா? அளவா இருக்கட்டும்னு வெச்சேன். குறைச்சு வெச்சாத்தான் கோவிச்சுப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். லாம்பெர்ட்டின் விரல் மட்டும் படத்தின் உச்சியில் போய் நின்றது. அங்கே தராசு பிடித்த நீதி தேவதை ஒருத்தி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நின்றிருந்தாள். அவளைச் சேர்க்கச் சொன்னவர் நகரசபை உறுப்பினர் யோரிஸ். வரவேற்பு வேலை முழுக்க அவர் பொறுப்பு.

"இன்னைக்கு என்கிட்டயும் வந்து சொன்னாரு," என்றான் லாம்பெர்ட். "வியாபாரிங்க வளைவு நம்மளைவிட உசரமாம். சபைக்குக் கவுரவக் குறைச்சலாம். அதனால உச்சியில சாந்துச் சிலை. நான் கீழ மரம் போட்டது எக்காளம் ஊதற நாலு பேரைத் தாங்கறதுக்கு. இந்தத் தடிச்சியைத் தாங்கறதுக்கு இல்ல."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். 'உன் பொண்டாட்டி நிக்க வெச்சுட்டா, உன்னால நிக்க வெக்க முடியாதா?'ன்னு கேக்கறாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

டிக்னாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பிற்பாடு தன்னையே மன்னிக்கவில்லை.

ஊர்வல நாள் விடியும்போதே மழை. பளிங்குபோல வண்ணம் பூசிய கித்தான் எல்லாம் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கியது. டிக்னாவும் நெலேவும் மீன்கடைப் பலகைமேல் ஏறி நின்றுகொண்டார்கள். நாற்பது கன்னிப்பெண்களின் முகச்சாயம் வழிந்து கழுத்துக்கு வந்தது. எக்காளக்காரர்கள் ஊதுவதற்கு முன்னால் எக்காளத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது. ஒயின் நீரூற்றில் மதியத்துக்குள் பாதி ஒயின், பாதி மழை. ஆளுநர் மூன்று மணிநேரம் தாமதமாக வந்தார். தொப்பி இறகு நனைந்த கோழிபோல் தொங்கியது. மூக்கு சப்பை.

அவர் சந்தை மூலைக்கு வரும்போதுதான் வளைவு முனகியது. கூட்டத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மரத்தோடு வாழ்ந்தவனுக்குக் கேட்டது. ஒரு முட்டுக்கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாம்பெர்ட் வளைவுக்கு அடியில் ஓடுவதை டிக்னா பார்த்தாள். இடது தூணுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் கட்டையைக் கொடுத்தான். அது போதாமல் தோளையும் கொடுத்தான். ஆளுநரின் குதிரை அவனுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனது. ஆளுநர் பக்கவாட்டில் பார்க்கவில்லை. அடுத்து ஆயர் போனார். அடுத்து நகரசபை முழுக்க, முப்பது பேர், யோரிஸ் உட்பட, முழங்கால்வரை சேற்றோடு போனார்கள். கடைசி ஆள் தாண்டியதும் வளைவு இறங்கியது.

எக்காளக்காரர்கள் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார்கள். நீதி தேவதை குப்புற விழுந்து மூன்று துண்டானாள். லாம்பெர்ட் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தான். நெலேதான் முதலில் ஓடி வெறுங்கையால் பலகைகளை இழுத்துப் போட்டாள். அவள் அன்று கூவிய கூவலைச் சந்தையில் இன்றும் சொல்வார்கள். காவலர்கள் வந்து மேலே ஒரு கித்தானை விரித்து மூடினார்கள், கூட்டத்தை வேறு தெருவுக்குத் திருப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் மரம் முழுக்க வண்டியில் போய்விட்டது. மூலை துடைத்துவைத்ததுபோல இருந்தது.

ஆளுநர் காலடி வைத்த அன்றே அவருக்குப் பின்னால் சபையின் வளைவு சரிந்தது என்றால் அது அபசகுனம். அதை வாயால் சொல்பவன் ராஜ துரோகி. ஆகவே வளைவு விழவில்லை. விழாத வளைவின் அடியில் ஒருவன் செத்திருக்க முடியாது. ஆகவே நகரப் பதிவேட்டில் இப்படி எழுதினார்கள்: லாம்பெர்ட், தச்சன், நீரூற்று ஒயினை அளவுமீறிக் குடித்து ஏணியிலிருந்து தவறி விழுந்து மரணம். தச்சர் சங்கத்து விருந்தில்கூட ஒரு கோப்பை பியரோடு எழுந்துவிடுகிற மனிதன் அவன்.

தச்சர் சங்கத்துக்குச் சூசையப்பர் கோயிலில் சொந்தமாக ஒரு சிற்றாலயம் உண்டு. வேலையில் செத்தவனை அதன் தரைக்கடியில் புதைப்பார்கள், கல்லறைத் திருநாள்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பெயர் சொல்லிப் பூசை வைப்பார்கள். குடித்துச் செத்தவனுக்கு அந்த வாசல் கிடையாது. லாம்பெர்ட்டைக் கோட்டைச் சுவருக்கு வெளியே, பிச்சைக்காரர்களையும் பெயர் தெரியாத மாலுமிகளையும் போடுகிற சதுப்பில் போட்டார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அங்கே முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.

டிக்னா சங்கத் தலைவர் கொம்மரிடம் போனாள். அவர் லாம்பெர்ட்டோடு தொழில் கற்றவர். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்தோம்மா. ஆனா சபை எழுதினது எழுதினதுதான். வளைவு விழுந்துச்சுன்னு சபையிலேர்ந்து ஒரே ஒரு கடுதாசி வாங்கிட்டு வா. நானே தோண்டி எடுத்து, நானே தோள்ல தூக்கிட்டு வந்து உள்ள வெக்கறேன். சத்தியம்."

அந்த ஒரு கடுதாசிக்காக அவள் நகரசபைக்குப் போனாள். நெலேவும் கூட வந்து வாசலில் நின்றாள். யோரிஸ் மென்மயிர் வைத்த கழுத்துப்பட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், துக்கம் விசாரித்தார். பிறகு கேட்டார்:

"வளைவு எப்பம்மா விழுந்துச்சு?"

"ஐயா, நீங்களும்தானே அங்க இருந்தீங்க."

"நான் முன்னாடி போயிட்டேன். முதுகுலயா கண்ணு இருக்கு? பாத்தவங்க சாட்சியத்தத்தான் நம்பணும்." அலமாரியிலிருந்து புதுத் தோல் வாசனை அடிக்கும் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். "இதோ ஒரு சாட்சி. வளைவு நிக்குது, ஆளுநர் போறாரு, வெயில் அடிக்குது. மூலையில என்ன எழுதியிருக்கு? 'நேரில் கண்டு செதுக்கியவள் டிக்னா.' யாரும்மா இந்த டிக்னா?"

"அது... முன்னாடியே செதுக்கினது ஐயா. எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க? உங்களுக்கே தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? அப்ப அரசர் கையில இருக்கற புத்தகத்துல நீ பொய் எழுதியிருக்க. அதைச் சபையில எழுந்து நின்னு சொல்றியா? சொல்லு, எழுதிக்கறேன். பொய்ச் சாட்சிக்கு இந்த ஊர்ல எந்தக் கைய எடுப்பாங்கன்னு தெரியும்ல?"

அவள் வலது கையை மடியில் இடது கையால் மூடிக்கொண்டாள். தான் அப்படிச் செய்ததே அவளுக்குத் தெரியாது.

"போம்மா," என்றார் யோரிஸ், புத்தகத்தை மூடியபடி. "அருமையாச் செதுக்கியிருக்க. வெயிலு ரொம்ப அழகா வந்திருக்கு."

கொர்னேலிஸும் சாட்சிக்கு வர மறுத்துவிட்டார். அவர் வாய் திறந்தால் நான்கு ஊர்ப் பதிப்பாளர்களும் மாட்டுவார்கள், எந்த ஊரும் எந்த வரவேற்புப் புத்தகத்தையும் நம்பாது. "உன் துக்கம் எனக்குப் புரியுது. வேற தகடு தரேன், வேலையில மனச செலுத்து," என்றார். டிக்னா அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

நெலே புதுத் தகட்டைப் பார்த்தாள்.

"சபையில சொல்லலியா அண்ணி?"

"கைய எடுத்துடுவாங்க நெலே."

"கை போனா என்ன? அவன் முழுசாப் போயிட்டானே."

"அதுக்கப்புறம் நான் எப்படிப் பொழைக்கறது?"

"மீன் கழுவலாம். ஒத்தக் கையாலயே கழுவலாம், நான் சொல்லித் தந்திருப்பேன்." நெலே தன் துணிமூட்டையைக் கட்டினாள். "என் அண்ணன் குடிகாரன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு உன் கையெழுத்துதான் சாட்சி. அந்தக் கைய நீ பத்திரமா வெச்சுக்கோ."

அன்று போனவள் பதினோரு வருடம் அண்ணியோடு பேசவில்லை. சந்தையில் டிக்னா எதிரே வந்தால், மீனை மட்டும் பார்த்து மீன் நறுக்குவாள். நெலே சொன்னது நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருந்தால் கையும் போயிருக்கும், கடுதாசியும் வந்திருக்காது. ஆனாலும் நம்மில் யாரும் டிக்னா இடத்தில் இல்லாததால், நெலே பக்கம்தான் ஊர் நின்றது. டிக்னாவும் உள்ளுக்குள் நெலே பக்கம்தான் நின்றாள்.

அவள் தொழில் மட்டும் வளர்ந்தது. அதற்குப்பின் எல்லாத் தகட்டிலும் அவள் பெயர் வந்தது. இரண்டு ஆளுநர்களை, ஓர் இளவரசியின் திருமண ஊர்வலத்தை, போரில் தோற்ற ஒரு தளபதியின் வெற்றி விழாவை, எல்லாவற்றையும் நேரில் கண்டு செதுக்கினாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் சிற்றாலயத்துக் கதவுக்கு வெளியே நின்று, செத்த தச்சர்களின் பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்டாள். 'ல' எழுத்து தாண்டியதும் வீட்டுக்குப் போய்விடுவாள்.

பதினோராம் வருடம் காற்று திரும்பியது. சம்பளம் கிடைக்காத அரசர் படை ஊரைச் சூறையாடப் பார்க்க, ஊர் அதை விரட்டியடித்தது. போப்பாண்டவரை ஏற்காத புது மார்க்கத்தார் நகரசபையைப் பிடித்தார்கள். அரசரின் சின்னங்களை எல்லாக் கதவுகளிலிருந்தும் பெயர்த்தார்கள். முப்பது உறுப்பினர்களில் இருபத்தொன்பது பேர் ஓடிப்போனார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள். யோரிஸ் இருந்தார். மென்மயிர்க் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணிப்பட்டை போட்டுக்கொண்டார். பட்டைதான் மாறியது, கழுத்து அதேதான்.

அவரே டிக்னாவின் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"டிக்னாம்மா, ஊருக்கு ஒரு தகடு வேணும். அந்தக் கொடுங்கோலன் வந்த அன்னைக்கே கடவுள் அடையாளம் காட்டினாரே, நீதி தேவதையே தாங்கமாட்டாம குப்புற விழுந்தாளே, அதைச் செதுக்கணும். ஊர் ஊராப் போகணும். உன்னைவிட்டா ஆள் யாரு? நீதான் நேர்ல பாத்தவளாச்சே."

டிக்னா உளியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு விழலைன்னீங்க ஐயா."

"அன்னைக்கு யாரு வாயைத் திறக்க முடிஞ்சது? நான் உள்ளுக்குள்ள பட்ட வேதனை உனக்குத் தெரியாது."

வேலை மேசையைத் தூக்கி அவர்மேல் கவிழ்க்க வேண்டும்போல அவளுக்கு இருந்தது. ஆனால் கேட்டது ஒன்றுதான். "எனக்குக் கடுதாசி வேணும். வளைவு விழுந்துச்சு, லாம்பெர்ட் அதைத் தாங்கிப் பிடிச்சு செத்தான், குடிச்சிருக்கலைன்னு."

"அவ்வளவுதானே? தகட்டை முடிச்சுக் கொண்டா. முத்திரையோட தரேன்."

பத்து வாரம் செதுக்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையில் பார்த்ததைச் செதுக்கினாள். வானம் முழுக்க மழைக்கோடு இழுத்தாள், விரல் மரத்துப்போகும்வரை. தொங்கிய கித்தான், சேறு, தெறித்து ஓடும் ஜனம், சரியும் தேவதை. எல்லாவற்றுக்கும் அடியில் தோளைக் கொடுத்து நிற்கும் லாம்பெர்ட். முதுகு மட்டும்தான் தெரியும். அந்த முதுகுக்கு மட்டும் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

நகரசபையில் யோரிஸ் சோதனை அச்சை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பிரமாதம். இது யாரு, அடியில?"

"லாம்பெர்ட்."

"ம்." தலையைச் சொறிந்தார். "பாரும்மா, கடவுளோட கோபம் ஒரு ஏழைத் தச்சன் மேலயா விழும்? பாக்கறவன் குழம்பிடுவான். அவன் தோள் கொடுத்தது ஆளுநரைக் காப்பாத்தத்தானே? அது வேற தப்பாத் தெரியும். அங்க ஒரு ஸ்பெயின் சிப்பாயைப் போட்டுடு. இரும்புத் தொப்பி, பெரிய மீசை. நசுங்கட்டும்."

"அன்னைக்கு ஒரு சிப்பாய்மேலயும் ஒரு துரும்புகூட விழலையே ஐயா."

"உண்மை கடுதாசியில இருக்கட்டும். படத்துல ஜனங்களுக்குப் புரியறது இருக்கட்டும்." மேசைமேல் முத்திரையிட்ட தாள் தயாராக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் பேசினார். விரல்களுக்கு நடுவில் லாம்பெர்ட்டின் பெயர் தெரிந்தது.

படம் படம்தானே என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருடம் எத்தனை பொய் செதுக்கியாயிற்று, இன்னும் ஒன்று. எலும்பு சிற்றாலயத்துக்குள் போனால் போதும். தகட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, சுரண்டியால் அந்த முதுகைச் சுரண்டினாள். சுரண்டிய இடம் பள்ளமாகும்; பள்ளத்தில் மை தேங்கும். அதனால் கவராயத்தால் அளந்து, தகட்டைப் பட்டடைமேல் கவிழ்த்து, பின்னாலிருந்து சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி மேலே எழுப்பினாள். பிறகு மெருகுக் கம்பியால் தேய்த்தாள். செம்பு புதிதாகப் பளபளத்தது. அங்கே ஒரு மீசைக்காரனைப் படுக்கவைத்தாள். மூலையில் வழக்கம்போலப் பெயர் போட்டாள்.

கடுதாசி கைக்கு வந்த அன்றே கொம்மரிடம் ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொம்மர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "வா," என்றார்.

சூசையப்பர் கோயில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பீடம் இல்லை. சங்கத்துச் சிற்றாலயத்தில் குதிரைகளுக்கான ஓட்ஸ் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தரைக்கல் முழுக்கப் பெயர்த்துக் கோட்டை மதிலுக்கு எடுத்துப் போயிருந்தார்கள்; மண்ணை அப்படியே விட்டிருந்தார்கள்.

"செத்தவங்களுக்குப் பூசை வெக்கறது மூடநம்பிக்கையாம்," என்றார் கொம்மர். "பேரு எழுதின புத்தகத்தையும் எரிச்சாச்சு. கல்லை எடுக்கும்போது உள்ள இருந்தவங்களை என்ன செய்யறதுன்னு கேட்டோம். வண்டியில ஏத்திக் கோட்டைக்கு வெளியே சதுப்புல கொட்டச் சொன்னாங்க. எங்கப்பாவையும் சேத்துத்தான்." அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "இப்ப எல்லாரும் லாம்பெர்ட் பக்கத்துலதான் இருக்காங்க டிக்னா."

"எப்ப நடந்தது?"

"போன மாசம்."

போன மாதம் அவள் மழை செதுக்கிக்கொண்டிருந்தாள்.

கடுதாசியை யாரிடமாவது காட்டியாக வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரே ஆள்தான். மீன்சந்தைக்குப் போனாள். அங்கே சுவரில் அவள் படம் அன்று காலையிலேயே ஒட்டப்பட்டிருந்தது. கூட்டம் மீசைக்காரனைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒருவன் மீன்குடலை எடுத்து அவன் முகத்தில் அடித்தான்.

"நெலே," என்று கூப்பிட்டுக் கடுதாசியை நீட்டினாள். "சபைல குடுத்துட்டாங்க. எழுதிக் குடுத்துட்டாங்க, பாரு."

நெலே மீனிலிருந்து தலையைத் தூக்கினாள். தாளைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசினாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்கறது மறந்துபோச்சா அண்ணி?"

டிக்னா வாய்விட்டுப் படித்தாள். லாம்பெர்ட், தச்சன், குடித்திருக்கவில்லை, சபையின் வளைவைத் தன் தோளால் தாங்கி அதன் அடியில் இறந்தான். சந்தை இரைச்சலில் பக்கத்துக் கடைக்காரிக்குக்கூடக் கேட்கவில்லை. நெலே கடைசி வரிவரை கேட்டாள். பிறகு கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு சுவரண்டை போனாள். கூட்டம் விலகி வழிவிட்டது. படத்தில் மழைமேல் விரலை வைத்தாள், தேவதைமேல் வைத்தாள், இடது தூணைத் தேடிக் கண்டுபிடித்து அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கினாள்.

"எல்லாம் சரியா இருக்கு. தூணு சரியா இருக்கு. நான் பலகையை இழுத்த இடம்கூட இதுதான்." விரல் மீசைக்காரனிடம் நின்றது. "இங்க அண்ணன் இருந்தானே. யாரு எடுத்தா?"

"நான்தான் நெலே."

நெலே திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்குப் போய்க் கத்தியை எடுத்து, நறுக்கிக்கொண்டிருந்த மீனை நறுக்கி முடித்தாள்.